கழனித்தண்ணி சொன்ன சாட்சி

எனக்கு இப்போ அறுபத்திரண்டு வயசு. வளர்த்தது ஒன்பது பிள்ளைங்க. பெத்தது ஆறு, மீதி மூணு, எண்ணூர்ல வாக்கப்பட்ட என் தங்கச்சி கண்ணை மூடினப்போ என் மடியில விட்டுட்டுப் போனது. ஒன்பதுக்கும் பேதம் பார்க்காம சோறு போட்டேன்னு ராயபுரத்துல எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லல. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். அந்தப் பெருமையாலதான், சர்வேசுரன் எனக்குச் செஞ்சதைச் சொல்ற இந்தச் சாட்சியே வந்தது.

யுத்தம் முடிஞ்ச மறு வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலம். துறைமுகத்துல மூட்டை தூக்குற என் வீட்டுக்காரர் சவரிமுத்து, பலகை மேல கால் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறிச்சுக்கிட்டாரு. தினக்கூலி. போனாத்தான் காசு. அவர் பாயில படுத்தாரு, வீடும் கூடவே படுத்துக்கிச்சு. மூத்ததுங்க ரெண்டையும் கட்டிக் கொடுத்தாச்சு, மீதி ஏழும் வீட்டுல. ரேஷன் கார்டு இருந்தது, அரிசி வாங்கக் காசு இல்ல. என் தோடு போச்சு, பித்தளைக் குடம் போச்சு. அப்புறம் விக்க ஒண்ணும் இல்ல.

எங்க கோயில்ல பிடியரிசின்னு ஒரு பழக்கம். உலையில போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடியை எடுத்துத் தனியா ஒரு கலயத்துல போடணும். இல்லாதவங்களுக்கு அது. சனிக்கிழமை எங்க தெருவுல வீடு வீடாப் போய் அதை டின்னுல வாங்கி வெச்சு, மறுநாள் பூசைக்கு அப்புறம் சாமியாருக்கு உதவியா இருக்கிற உபதேசியார்கிட்ட சேர்க்கிறது என் பொறுப்பு. அவர் எல்லாத் தெரு அரிசியையும் கலந்து, துணியில மூட்டை கட்டி, எந்த வீட்டுக்குன்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பாரு. வாயால பேர் சொல்ல மாட்டாரு. கோயில் வாசல்ல பேர் சொன்னா அந்த வீடு தலை குனியுமே. எனக்குப் படிக்கத் தெரியாது. என் வீட்டுக்காரர் படிச்சுச் சொல்லுவாரு, நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். எனக்குத் தெரிஞ்ச எழுத்து என் பேர் ஒண்ணுதான். கோயில்ல கல்யாணப் புஸ்தகத்துல கைநாட்டு வெச்சது வெட்கமாப் போய், அவர்கிட்ட கத்துக்கிட்டது.

இத்தனை வருஷம் கொண்டுபோய்க் கொடுத்த கை. அதே கையை நீட்டுறதா? அதனால மறைச்சேன். வீட்டுல அரிசி தீர்ந்து மூணு நாள் ஆச்சு. வேளைக்கு ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கு பிள்ளைங்களுக்கு. ஆனாலும் காலையில அடுப்பை மூட்டி வெறும் தண்ணியைக் கொதிக்க வெப்பேன். புகை வந்தா யாரும் கேட்க மாட்டாங்க பாருங்க.

இன்னொரு தந்திரமும் பண்ணேன். பக்கத்து வீட்டு அஞ்சலை மீன் விக்கிறவ, மாரியாத்தாவைக் கும்பிடுறவ. அவ மாட்டுக்குன்னு அரிசி களைஞ்ச தண்ணியை வாசல் பானையில ஊத்தி வெப்பேன். அரிசியே இல்லாதப்போ கழனித்தண்ணி ஏது? பானை காலியா இருந்தா கேட்பாளேன்னு, பச்சைத் தண்ணியில வெத்தலைச் சுண்ணாம்பு துளி கரைச்சு வெள்ளையா ஆக்கி வெச்சேன். ரெண்டு நாளும் வாய் திறக்காம எடுத்துக்கிட்டுப் போனா.

சனிக்கிழமை வந்தது. தெருவெல்லாம் போய் வாங்கிட்டு வந்து டின்னை மூலையில வெச்சேன். தங்கச்சி பொண்ணு பிரகாசி, எல்லாத்துக்கும் சின்னது, டின்னு பக்கத்துலயே குந்திக்கிச்சு.

"பெரிம்மா, அது யாருக்கு?"

"ஏழைங்களுக்குடி."

"அவுங்க எப்போ வருவாங்க?"

புள்ளையை வெளிய அனுப்பிட்டு டின்னுக்குள்ள கையை விட்டேன். பிடிச்சேன். பாயில கிடந்த என் வீட்டுக்காரர் பார்த்தாரு. சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. திட்டியிருந்தாருன்னா வீம்புக்கே எடுத்திருப்பேன். அவர் திரும்பிக்கிட்டது எனக்குத் தாங்கல. பிடிச்ச அரிசியை டின்னுலயே விட்டுட்டேன்.

அர்ச்சிஷ்ட அந்தோணியார் படத்துக்கு முன்னாடி முட்டி போட்டேன். "சாமி, புள்ளைங்களுக்கு ஒரு படி அரிசி கொடும். ஆனா யாருக்கும் தெரியக் கூடாது." கூட்டாளித் திருடன்கிட்ட பேசுற மாதிரி ரகசியமா வேண்டிக்கிட்டேன்.

மறுநாள் டின்னைக் கொடுத்தேன். உபதேசியார் மூட்டையையும் சீட்டையும் நீட்டினாரு, என் முகத்தைப் பார்க்கல. சீட்டு மடிக்காம இருந்தது. முதல் எழுத்து 'ம'. அடுத்தது 'த'. விரலை வெச்சுக்கிட்டே போனேன். மதலேனம்மாள். என் பேர்தான். உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

"யார் சொன்னது உங்களுக்கு?" கொஞ்சம் கோபமாவே கேட்டேன்.

"அஞ்சலை வந்துச்சும்மா, நேத்து சாயந்திரம். மீன்கூடையோட வாசல்லயே நின்னுக்கினு சொல்லுது: 'ஐயா, மதலேன் அக்கா வூட்ல பொகை வருது, சோத்து வாசனை வரல. கழனித்தண்ணில சுண்ணாம்பு கலக்கி வெச்சிருக்கு. என் மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கினு பூடுச்சு. நான் குடுத்தா வாங்கிக்காது, ரோஷக்காரி. நீங்க குடுங்க.'"

மூட்டையை இடுப்புல வெச்சுக்கிட்டு நேரா அஞ்சலை வீட்டுக்குத்தான் போனேன். மாட்டைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தா.

"ஏண்டி, என் மானத்தைக் கோயில் வரைக்கும் கொண்டுபோனியா?"

"நீ என் மாட்டுக்குச் சுண்ணாம்பு குடுத்தியே, அதுக்கு நான் பஞ்சாயத்து வெச்சனா?" திரும்பிக்கூடப் பார்க்கல. "மாட்டுக்கே தெரிஞ்சுபோச்சு, எனக்குத் தெரியாதாக்கா? போ, போய் ஒலை வை. புள்ளைங்க பாத்துக்கினு கீதுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அங்கேயே மாட்டுப் பக்கத்துல நின்னு அழுதேன். அவ ஈரக் கையாலயே என் கண்ணைத் துடைச்சா.

அன்னிக்குச் சோறு பொங்கினேன். அதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்துக் கலயத்துல போட்டேன். அரிசி களைஞ்ச தண்ணியை நானே அஞ்சலை மாட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரே மூச்சுல குடிச்சுது.

அந்த மூட்டை வாராவாரம் வந்தது. செப்டம்பர்ல மாதா பொறப்பு திருநாளுக்கு என் வீட்டுக்காரர் கோல் ஊனி எழுந்தாரு. மூட்டை தூக்க முடியல. துறைமுகக் கேட்டுலயே காவல் வேலை கொடுத்தாங்க. மறு வருஷம் கடல் சரியில்லாம அஞ்சலை வீட்டு அடுப்பு அணைஞ்சப்போ, உபதேசியார்கிட்ட போய்ச் சொன்னது நான்தான். மூட்டையைக் கொண்டுபோனதும் நான்தான். "பழி வாங்கிட்டியாக்கா"ன்னு சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டா.

நான் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கேட்டேன். சர்வேசுரன் அதை மட்டும் காதுல போட்டுக்கல. அவருக்குத் தோத்திரம். இப்பவும் பிடியரிசி வாங்கப் போனா, அரிசிக் கலயத்துக்கு முன்னாடி கழனித்தண்ணிப் பானையைத்தான் பார்க்கிறேன். தண்ணி தெளிவா இருந்தா அங்கேயே உட்கார்ந்துடுவேன், வீட்டுல அரிசி இல்லன்னு ஒத்துக்கிற வரைக்கும் எழுந்துக்க மாட்டேன்.

இதைக் கேட்கிற அம்மாங்களே, ஐயாங்களே, வீட்டுல இல்லாட்டி வெறும் உலை வெக்காதீங்க. அவர்கிட்ட கேளுங்க. பக்கத்து வீட்டுலயும் சொல்லுங்க. அவர் யார் கால்ல நடந்து வருவாருன்னு நமக்குத் தெரியாது.

போதும், ஸ்டெல்லா. நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை முதல்லேர்ந்து படிச்சுக் காட்டு, கண்ணு. என் பேர் வர்ற இடத்துல மட்டும் நிறுத்து. அதை நான் படிக்கிறேன்.