பகல் கரண்டு

ராத்திரிக் கரண்டே வேண்டும் என்று ஈபி ஆபீஸில் போய் நிற்கிற விவசாயி எங்காவது உண்டா? மலைச்சாமி நின்றார். தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தளவாய்புரத்தில் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் இறங்கி, உச்சி வெயிலில் நடந்து போய் நின்றார். வந்த காரியத்தைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

அந்தப் பக்கத்து விவசாயிகள் இத்தனை வருஷமாகக் கேட்டு வந்தது பகல் கரண்டு. மோட்டாரை ஓட்டுகிற மும்முனை மின்சாரம் அவர்களுக்கு ராத்திரியில்தான் வரும். பத்து மணிக்கும் வரும், இரண்டு மணிக்கும் வரும். பாம்புக்கும் பன்றிக்கும் நடுவே டார்ச் லைட்டோடு காத்துக் கிடக்க வேண்டும். இந்தச் சித்திரையிலிருந்து அது மாறிவிட்டது. காலை ஒன்பதுக்கு வந்தால் மூன்று மணி வரைக்கும் மோட்டார் நிற்காமல் ஓடுகிறது. ஊரே கும்பிடு போட்டது. மலைச்சாமிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

காரணம் அவருடைய தம்பி கருத்தப்பாண்டி. இருவருக்கும் ஒரே கிணறு, இரண்டு மோட்டார். கிழக்கே அண்ணனின் வாழை, மேற்கே தம்பியின் தென்னை. ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மலைச்சாமியின் மகள் கல்பனாவின் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் விட்டுப்போயிற்று. அச்சாபீஸில் நடந்த தப்பு. தம்பி வீட்டுப் படியேறி அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். மூத்தவன் இறங்கிப் போவதா என்று வீம்பு. தம்பி மட்டும் லேசுப்பட்ட ஆளா? கல்யாண வீட்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஆனால் ராத்திரிக் கரண்டு வீம்பு பார்க்க விடாது. மும்முனை வந்தால் மட்டும் எரிகிற மாதிரி மோட்டார் ரூமில் ஒரு பல்பு மாட்டியிருந்தார்கள். அது எரிகிற நேரத்தில் அசந்து தூங்கிவிட்டால் அன்றைய தண்ணீர் போச்சு. அதனால் விழித்திருக்கிறவர் இருட்டைப் பார்த்து, “கரண்டு வந்துருச்சு” என்று ஒரு சத்தம் கொடுப்பார். அண்ணே கிடையாது, தம்பி கிடையாது, பொதுவாகச் சொல்கிற மாதிரி. அந்தப் பக்கமிருந்து ஒரு இருமலோ ஒரு ‘ம்’மோ வரும். ஏழு வருஷமாக அவ்வளவுதான் உறவு.

மனைவி அங்காளம்மாள் இறந்து, காரியமெல்லாம் முடிந்து, மலைச்சாமி மறுபடி தோட்டத்துக்கு வந்து படுத்த முதல் ராத்திரியில் அந்தக் குரல் கொஞ்சம் நீண்டது.

“கரண்டு வந்துருச்சு. எந்திரிக்க வேண்டாம். வாழைக்கும் நான் பாச்சிக்கிடுதேன்.”

வெகுநேரம் மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மலைச்சாமி கட்டிலில் கிடந்து அழுதார். இருட்டு அதற்கு வசதியாக இருந்தது.

பகலில் அந்த வசதி இல்லை. ஒன்பது மணி என்றால் ஒன்பது மணி, யாரும் யாருக்கும் சத்தம் கொடுக்க வேண்டியதில்லை. முகம் வேறு தெரிந்து தொலைக்கிறது. வாய்க்காலில் எதிரெதிரே வந்தால் பகையாளி மாதிரி திரும்பிக்கொண்டுதான் ஆக வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் திருப்பூரிலிருந்து கல்பனா போனில், “சாப்ட்டீங்களாப்பா?” என்பாள். அதற்குப் பிறகு டிவிதான் பேசும். தம்பியின் குரல் எப்படி இருக்கும் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தார், சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை. பயந்துபோனார். அந்தப் பயம்தான் அவரைப் பஸ் ஏற்றியது.

இளநிலைப் பொறியாளர் சிவரஞ்சனி சின்ன வயதுப் பெண். சிரிக்காமல் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

“பகல்ல பாச்சுனா தண்ணி பூரா ஆவியாயிருது தாயி. எங்க கெணத்துக்கு மட்டுமாவது பழையபடி ராத்திரி விடச் சொல்லுங்க.”

“ஒரு கெணத்துக்குன்னு தனியா விட முடியாது அய்யா. இப்ப எங்க பாத்தாலும் சோலார் போட்டுட்டாங்க. வெயில் ஏற ஏற கரண்டு வந்து குமியுது. விருந்துக்கு வடிச்ச சோறு மாதிரி, அப்பமே சாப்பிட ஆளு வேணும். எடுத்து வைக்க இடம் கொஞ்சந்தான் இருக்கு. வார கரண்டும் செலவாகுற கரண்டும் எந்நேரமும் சரிக்குச் சரியா நிக்கணும். கூடுனாலும் ஆபத்து, கொறைஞ்சாலும் ஆபத்து. மொத்த லைனும் படுத்துரும். அதான் உங்க மோட்டார் அம்புட்டையும் பகலுக்கு மாத்துனது.”

“ராத்திரி விட்டா என்னவாம்?”

“பொழுது அடைஞ்சா சோலார் நின்னுரும். வீட்டுக்கு வீடு லைட்டும் ஃபேனும் அப்பத்தான் ஓடுது. மில்லும் ஓடுது. அதோட உங்க மோட்டாரும் சேந்தா தாங்காது அய்யா.”

மலைச்சாமிக்கு விளங்கியது. நியாயம் என்றும் பட்டது. நியாயமாக இருந்ததுதான் கஷ்டம். கோபப்பட ஆள் இல்லாமல் போயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“போன வாரமும் ஒருத்தர் இதே மாதிரி வந்து கேட்டாரு” என்றாள் சிவரஞ்சனி. “தண்ணி ஆவியாகுதுன்னுதான் அவரும் சொன்னாரு. உங்க கெணத்துல இன்னொரு சர்வீஸ் இருக்குல்ல, கருத்தப்பாண்டின்னு? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டா வாரீங்க?”

மலைச்சாமி மறுபடி உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் கொடுத்த பாட்டிலில் பாதி சட்டையில் கொட்டியது.

இன்றைக்குப் பேசிவிடுவது என்று மறுநாள் வெள்ளனத்திலேயே தோட்டத்தில் போய் நின்றார். கருத்தப்பாண்டி வரவும் கரண்டு வரவும் சரியாக இருந்தது. இரண்டு மோட்டாரும் இரைந்தன. தம்பி அவரைப் பார்த்தான், வழக்கம்போல மேற்கே திரும்பிக்கொண்டான். தலை முழுக்க நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று மலைச்சாமிக்குத் தெரியவில்லை. தொட்டி வரைக்கும் நடந்து போய், அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, “ஏலே, சாப்ட்டியா?” என்றார்.

மோட்டார் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை. அவன் திரும்பவில்லை. இரண்டாம் தரம் கேட்காமல் வாழைப் பக்கம் போய்விட்டார்.

மூன்று மணிக்குக் கரண்டு நின்றது. மோட்டார்கள் ஓய்ந்ததும் வாழை இலை உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. இப்போது முனகினாலே போதும். மலைச்சாமி மண்வெட்டியைக் கழுவினார், கழுவியதையே மறுபடியும் கழுவினார். தம்பியும் வீட்டுக்குப் போகாமல், காலி வாய்க்காலுக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்து நின்றான். அவன் எதைத் தேடுகிறான் என்று அண்ணனுக்குத் தெரியும். மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு ஓரடி எடுத்து வைத்தார்.

வரப்பில் புல்லுக்கட்டோடு பக்கத்துத் தோட்டத்து மாரிச்சாமி வந்துகொண்டிருந்தார். ஆளைக் கண்டதும் அண்ணனும் தம்பியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள்.