கல்வாழை முளைத்த புல்வெளி

என் டிராக்டரைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் அலவத்துகொடையில் குறைவு. "இதென்ன, விளையாட்டுச் சாமானா?" என்று கேட்பார்கள். எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும். மண் தோண்டும் பெரிய பெக்கோ நுழையாத கேட்டுக்குள்ளும் அது நுழையும். முன்னால் மண் அள்ளும் பக்கெட், பின்னால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர். அதைக் கழற்றிவிட்டு மண் இழுத்துச் சமப்படுத்தும் பிளேடை மாட்டினால் மேடு பள்ளம் எல்லாம் ஓடிவிடும். கண்டியைச் சுற்றிக் குளத்தைத் தவிர எது தட்டையாக இருக்கிறது? ஆனால் வீடு கட்டுகிற எல்லோருக்கும் வாசலில் புல்வெளி வேண்டும். எனக்கு வேலைக்குக் குறைவே இருந்ததில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. டிராக்டரை லொறியிலிருந்து இறக்குமுன் காணி முழுவதையும் கால்நடையாக ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். பாம்புப் புற்று, பழைய கிணறு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கப்று, அதாவது புதைகுழி, இருக்கிறதா என்று பார்ப்பேன். மையத்து கிடக்கிற மண்ணை நான் தொடமாட்டேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கலகெதரப் பக்கம் ஒரு ஹாஜியார் காணி வாங்கியிருந்தார். கண்டியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். விருந்தினர் விடுதி கட்டி முடித்து, முன்பக்கத்தில் புல் பதிக்க என்னைக் கூப்பிட்டார். ஒரு காலத்தில் அது தேயிலைத் தோட்டம். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது தொழிலாளர் குடியிருந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். கருங்கல் அத்திவாரம் மட்டும் புல்லுக்குள் கிடந்தது. அதற்குச் சற்று மேலே, மேட்டில், சிவப்பு இலையோடு ஒரே ஒரு கல்வாழைப் புதர் நின்றது. நல்ல செழிப்பு. லயத்துக்காரர்கள் அழகுக்கு நட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஹாஜியார், இங்க கப்று ஏதும் இருந்திச்சா?" என்று கேட்டேன்.

"நானும் நல்லாப் பாத்தேன். ஒரு கல்லும் இல்ல."

நானும் பார்த்தேன். ஒரு கல்லும் இல்லை. எங்கள் மையவாடியில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீசான் கல் நடுவோம். கல் இருந்தால் கப்று, இல்லாவிட்டால் வெறும் மண். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் புத்தி போகவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி எஞ்சினை முறுக்கினேன்.

ரொட்டவேட்டர் கல்லில் பட்டால் கையே அதிரும். அந்தப் புதரில் ஏறியபோது எந்த அதிர்வும் இல்லை. அதன் கிழங்குகள் நறுக்கு நறுக்காகத் தெறித்தன. பிறகு மேட்டைப் பக்கெட்டால் வெட்டிப் பள்ளத்தில் கொட்டினேன். குறுக்கும் நெடுக்குமாகப் பிளேடை இழுத்தேன். நான்காம் நாள் தண்ணீர் ஊற்றினால் ஓடாமல் நிற்கிற மாதிரி ஒரு தரை. புல்லைப் பதித்துவிட்டு நானே தூர நின்று ரசித்தேன்.

ஆறேழு வாரம் கழித்து ஹாஜியாரிடமிருந்து போன் கோல் வந்தது. "வந்து பாருங்க நீங்க செஞ்ச வேலய!"

போனேன். பச்சைப் புல்லுக்குள் அங்கங்கே சிவப்புக் குருத்துகள். படிக்கட்டருகே, கொடிக்கம்பத்தடியில், கார் நிறுத்துகிற மூலையில் என்று எண்ண முடியாத அளவுக்குக் கல்வாழை. வெட்டிய துண்டெல்லாம் முளைத்திருந்தது. என் தொழிலில் இது தெரியாதவன் மடையன். என்னை நானே திட்டிக்கொண்டு நிற்கும்போது கேட்டருகே ஒரு பெண் நிற்பதைக் கண்டேன்.

முப்பத்தைந்து வயது இருக்கும். கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை. அங்கே குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி வந்திருக்கிறாள். கையில் ஒரு சின்னப் போத்தலில் பால். இந்த லயத்தில்தான் பிறந்து வளர்ந்தாளாம். அவளுடைய முதல் பிள்ளை எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. வருடம் தவறாமல் இந்தத் தேதிக்கு வந்து பால் ஊற்றிவிட்டுப் போவாளாம்.

"தலமாட்டுல ஒரு கல்வாழ நட்டிருந்தோம் நானா," என்று அண்ணன் முறை வைத்து என்னிடம் சொன்னாள். "எங்க ஆளுங்க கல்லு வைக்கிறதில்ல. செடிதான் வைப்போம்."

அவள் புல்வெளியை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"மேடு ஒன்னு இருந்திச்சே. எங்க போச்சு?"

நான்தான் வெட்டினேன் தங்கச்சி என்றேன். வேறு என்ன சொல்ல? மண் எங்கே போனது, எவ்வளவு ஆழம் போனது, எட்டு மாதக் குழந்தைக்கு எத்தனை அடி தோண்டியிருப்பார்கள் என்று என் தலைக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் ஓடுகிறது. தொழுகையில் நிற்கும்போது கூட ஓடுகிறது.

ஹாஜியார் கல் நெஞ்சுக்காரர் இல்லை. என் காதருகே வந்து, "ஒரு செடிய மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் புடுங்கிருங்க. புள்ளட செடி எதுண்டு நீங்களே காட்டுங்க" என்றார்.

"எது நானா?" என்று அவளும் கேட்டாள்.

அடையாளம் என்று எனக்கு எதுவும் மிச்சமில்லை. நானே அழித்துவிட்டேன். ஆனாலும் தெரிந்தவன் போல நாலு எட்டு நடந்து, வேலியோரம் நின்ற ஒரு குருத்தைக் காட்டினேன். அதற்கு ஒரே காரணம், அங்கே யாரும் மிதிக்கமாட்டார்கள் என்பதுதான். ஒரு தாயிடம் அப்படி ஒரு பொய்யை நான் சொன்னேன்.

அவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். பாலை ஊற்றினாள். மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. எழுந்து போகும்போது என் பக்கத்தில் நின்றாள்.

"நானா, மத்ததையெல்லாம் புடுங்குறப்போ கொஞ்சம் மெதுவா புடுங்குங்க."

மறுநாள் டிராக்டரைக் கொண்டுபோகவில்லை. மண்வெட்டி கூட எடுக்கவில்லை. முழந்தாளிட்டு விரலாலேயே ஒவ்வொன்றாகத் தோண்டினேன். மூன்று நாள் பிடித்தது.

பிடுங்கியதை எறிய மனம் வரவில்லை. சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து பின்வேலி நெடுகிலும் நட்டேன். இப்போது ஆளுயரத்துக்கு நிற்கின்றன. எதற்கு இவ்வளவு என்று மனைவி கேட்டால் எரிந்து விழுகிறேன். அந்தத் தேதி வந்தால் மட்டும் காலையில் ஒரு போத்தல் பால் வாங்கிவந்து, எது என்று தெரியாததால், எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றுகிறேன்.