வழித்துப் போட்ட உப்பு

பதினொன்றாம் வகுப்பில் அக்கா தொழிற்பிரிவு எடுத்தாள். மனையியல். உத்திரமேரூரில் படித்தாள். நான் அப்போது நாலாவது.

நைனாவுக்கு அந்தக் குரூப்பு பிடித்துப் போனது.

"வூட்டு வேலைய இஸ்கோல்லயே கத்துக் குடுத்துடறாங்க. கட்டிக் குடுக்க சுளுவாப் பூடும்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு வேறு நினைப்பு. அதைப் படித்தவர்களை ஆஸ்பத்திரிச் சமையலறைக்கும் ஹாஸ்டலுக்கும் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்த வேலைக்குத்தான் போகப்போகிறேன் என்று என்னிடம் சொன்னாள். நான் சரி என்றேன்.

பள்ளியில் கற்றதை வீட்டில் செய்து பார்ப்பாள். அம்மா உப்பைக் கையால் அள்ளிப் போடுகிறவள். அக்கா ஸ்பூனில் எடுத்து, கத்தி முதுகால் மேலே வழித்து, மட்டமாக்கித்தான் போடுவாள். நடவுக்குப் போய் வந்த அலுப்பிலும் அம்மாவுக்குச் சிரிப்பு வரும்.

"உப்புக்கு முடி வெட்டிக்கினு கீறியா? பருப்பு தீயுது பாருடி."

"இரும்மா. அளவு தப்புனா நோயாளிக்கு ஆவாது."

"இங்க யாருடி நோயாளி? உங்க நைனாவா?"

ஆனால் அக்கா சமைத்த அன்று எல்லோரும் கூட ஒரு கரண்டி வாங்கித் தின்போம்.

பன்னிரண்டாவது படிக்கும்போது மாகறலிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. பரீட்சை முடியட்டும் என்று அக்கா நைனாவிடம் கேட்டாள்.

"பாத்துட்டுப் போவட்டுமே. பாத்தா இன்னா, தேஞ்சிபூடுவியா?" என்றார்.

அக்கா புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கேசரி அவள் கையால்தான் இருக்க வேண்டும் என்றார் நைனா. நான் முந்திரிக்காக அடுப்பண்டை உட்கார்ந்திருந்தேன். ரவையை வறுத்தாள். தண்ணீர் அளந்தாள். சர்க்கரையும் போட்டாள். பிறகு உப்பு டப்பாவைத் திறந்தாள். ஒரு ஸ்பூன் எடுத்து, கத்தியால் வழித்துப் போட்டாள். இன்னொரு ஸ்பூன். அதையும் வழித்தாள். கேசரிக்கு இவ்வளவு உப்பா என்று தோன்றியது. அளந்துதானே போடுகிறாள், புத்தகத்தில் அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளையின் அத்தைதான் முதலில் வாயில் வைத்தாள். உடனே தண்ணீர்ச் சொம்பைத் தேடினாள்.

"இன்னாம்மா இது, கருவாட்டுத் தண்ணி மாரி கீது? இதுக்கா இஸ்கோல்ல ரெண்டு வருசம் சொல்லிக் குடுக்கறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நைனா முகம் செத்துவிட்டது. "பயத்துல டப்பா மாறிபூட்ச்சி" என்றாள் அம்மா. அக்கா தரையைப் பார்த்து நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

"படிச்ச பொண்ணாச்சே, எல்லாம் தெரியும்னு நம்மள ஆட்டி வெக்குமோன்னு பயந்துக்கினே வந்தேன். இது ஒண்ணும் தெரியாத பொண்ணு. இதான் எனக்கு வோணும். தட்டை மாத்திக்கலாம்."

அக்கா தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். அம்மா வெற்றிலைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பதினெட்டு முடிந்ததும் கல்யாணம் ஆனது. பரீட்சை அதற்குப் பிறகு வந்தது. அவள் எழுதவில்லை. எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள். போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினேன்.

கேசரிக் கதையை எங்கள் வீட்டு விசேஷங்களில் இன்றும் சொல்வார்கள். டப்பா மாறியது என்பாள் அம்மா. அக்காவைக் கட்டிய மாமா கேலி செய்வார். அக்காவும் சிரிப்பாள். மாகறலில் களையெடுக்கப் போகிறாள். இப்போது அவளும் உப்பைக் கையால்தான் அள்ளிப் போடுகிறாள்.

டப்பா மாறவில்லை. நான் பார்த்தேன். புத்தகத்தில்தான் தப்பு என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணமாகி, ஒருநாள் அவசரத்தில் டீயில் உப்பைப் போட்டுவிட்டேன். தவறிப் போடுகிற கை நின்று வழித்துக்கொண்டிருக்காது.

வந்தவர்கள் வேண்டாம் என்று எழுந்து போக எவ்வளவு உப்பு வேண்டும் என்று அக்கா அன்று அளந்திருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முந்திரி தின்றுகொண்டிருந்தேன்.