ஜமீலா பக்கத்துச் சுவர்

ஜமீலா போய்விட்டாள். இன்று விடிகாலை, தொழுகை முடித்துப் பாயை மடித்த கையோடு. சுவரைத் தட்டி எனக்குச் சொன்னது அவள் மகன்.

வடகரப்பதி பக்கம் வந்துபோனவர்களுக்கு அவளைத் தெரியும். ரோட்டோர மளிகைக் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வீட்டுக் கதையெல்லாம் கேட்ட பிறகே சாமான் கட்டிக் கொடுப்பாளே... அவள்தான். எனக்குப் பக்கத்து வீடு. எழுபது வருஷம்.

இந்தப் பதிவோடு போட்டோ போடச் சொன்னாள் பேத்தி. தேடிப் பார்த்தேன். நானும் அவளும் சேர்ந்து எடுத்தது ஒன்றுகூட இல்லை. நடுவில் எப்போதும் சுவர் இருந்தது. அதனால் சுவரைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறேன். கறுப்பாக ஒரு பொந்து தெரிகிறதே, அதைப் பாருங்கள்.

கேரளம் என்று பேர் வருவதற்கு முந்தின வருஷம் இரண்டு வீட்டையும் ஒன்றாகக் கட்டினார்கள். மண்கல் சுவர், பனை உத்தரம், மேலே ஓடு. பனையில் அடிமரம்தான் வைரம், மேலே போகப்போகப் பாரம் தாங்காது. வைரம் ஒன்பது அடி வந்தது, அறையும் ஒன்பது அடி. என்னைப் பெற்ற ஐயனுக்குப் பெரிய கூடம் வேண்டுமென்று ஆசை... மரம் விடவில்லை.

"ரெண்டு சொவுரு எதுக்குங்க? நடுவுல ஒண்ணே ஒண்ணு, நல்லாக் கனமா வெச்சா ரெண்டு ஊட்டு உத்தரமும் அது மேலயே உக்காந்துக்கும்" என்றார் ஜமீலாவின் அத்தா. ஐயனும் சரி என்றார்.

நான் அப்போது ஐந்தாவது. மண் மிதிக்க ஆள் போதவில்லை என்று பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள், திரும்பப் போகவில்லை. அந்தச் சுவரில் இருப்பது என் கால் மிதித்த மண். இதைப் பெருமையாகத்தான் சொல்வேன்.

விளக்கு மாடத்தை இந்தப் பக்கம் கொத்தனார் குடைந்தார். அந்தப் பக்கம் அவர் மச்சினன் குடைந்தான். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. இரண்டு மாடமும் முதுகோடு முதுகு... நடுவில் நாலு விரல் மண்.

அந்த மண்ணை நோண்ட ஆரம்பித்தோம். இந்தப் பக்கம் நான், கரண்டிக் காம்பு. அந்தப் பக்கம் அவள், ஒரு ஆணி. மூன்றாம் நாள் அவள் விரல் என் விரலில் பட்டது.

ஐயன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சரியாக அந்தப் பொந்துக்கு மேல்தான் உத்தரம் உட்கார்ந்திருந்தது. கொத்தனார் வந்து கையை விட்டுப் பார்த்தார். "பாரம் இங்கதானுங்க எறங்குது. ஒரு மழைக்குத் தாங்காது. அடைச்சுப்போடலாமுங்க."

நான் அழுதுகொண்டு நின்றேன். பொந்துக்கு அந்தப் பக்கமிருந்து ஜமீலாவின் குரல் மட்டும் வந்தது. "அப்ப வாசப்படிக்கு மேல இருக்கற சொவுரு எப்படி நிக்குது? அங்கயும் கீழ ஓட்டைதானே?"

கொத்தனார் சிரித்துவிட்டு அவள் அத்தாவிடம் சொன்னார். "ஏனுங்க ராவுத்தரே, நாளையிலிருந்து இந்தப் புள்ளைய என்கூட அனுப்பிருங்க. என்ற மச்சினனை நீங்க கடையில வெச்சுக்குங்க."

உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டுத் துணி துவைக்கிற பலகைக் கல்லைப் பொந்துக்கு மேல் வைத்தார். "பாரம் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு எறங்கிரும். ஆனா ஒரு சாணுதான். அதுக்கு மேல நோண்டுனீங்கன்னா ரெண்டு ஊடும் உங்க தலையிலதான்" என்று எங்கள் இருவரிடமும் சொன்னார்.

நோண்டவில்லை. நோன்புக் கஞ்சி அதன் வழியாகத்தான் வரும். பெரிய பாத்திரம் நுழையாது. அவள் அம்மா சந்தைக்குப் போய், கையால் சாண் வைத்துப் பார்த்து, அதற்கென்றே ஒரு பித்தளைக் கிண்ணம் வாங்கினார். கஞ்சி வந்தால் இங்கிருந்து வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் போகும். வெறும் கிண்ணத்தைத் திருப்பும் வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை.

நான் ஒரே பிள்ளை, மாப்பிள்ளை வீட்டோடு வந்தார். அவளுக்கு அத்தை மகன், அதே கடை. இருவருமே இடம் மாறவில்லை. எங்கள் வீட்டுக்காரர் போன பிறகு, விடிந்ததும் சுவரைத் தட்டுவாள்.

"சரசு, மூச்சு இருக்குதா?"

"இருக்குது. உன்னுதைப் பாத்துக்க."

இரண்டு வருஷம் முன்னால் அவள் மகன் வீட்டை இடித்துக் கான்கிரீட் போட வேண்டும் என்றான். என் பேத்தி சிவில் இன்ஜினியர், கோயம்புத்தூரில் மாடி மாடியாகக் கட்டுகிறவள். அவள்தான் எங்களுக்கு விளக்கினாள். "இப்பெல்லாம் பாரத்தைத் தூணே தாங்கிக்கும் அம்மாயி. சொவுரு சும்மா மறைப்புக்கு. எங்க வேணும்னாலும் வெச்சுக்கலாம்."

ஜமீலா பொந்து வழியாகவே பதில் சொன்னாள். "சும்மா நிக்கற சொவுத்துல உங்க அம்மாயி தட்டுனா, இந்தப் பக்கம் என் மேல உழுந்துரும் கண்ணு."

பிறகு மகனிடம், "சரசு ஊட்டு உத்தரம் இது மேல உக்காந்திருக்குது. நான் போனதுக்கப்புறம் என்னமோ பண்ணிக்க" என்றாள்.

போய்விட்டாள்.

மதியம் அடக்கம் முடிந்து அவன் நேராக என்னிடம் வந்தான். தரையில் உட்கார்ந்தான். "நாப்பதாம் நாள் கழியட்டும் பெரிம்மா. உங்க உத்தரத்துக்கு முட்டு வெச்சுட்டுத்தான் அந்தச் சொவுத்துல கை வெப்போம். பயப்படாதீங்க."

பயம் ஒன்றும் இல்லை. பேத்தி தூண் நிறுத்தித் தருவாள். வீடு நிற்கும்.

அவன் போன பிறகு பொந்து வழியாகப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் காலண்டர் தெரிந்தது. அவ்வளவுதான்.

ஜமீலா... போன நோன்புக்குக் கஞ்சி வந்த கிண்ணம் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. முழங்கால் வலி என்று கச்சாயம் சுடுவதைத் தள்ளிக்கொண்டே வந்தேன். நாற்பதுக்குள் சுட்டுப் பொந்தில் வைக்கிறேன். அந்தப் பக்கமிருந்து யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

போய் வா புள்ள.