அப்பா செய்த கதவு மேசை

நினைவு மலர் என்றால் மறைந்தவரைப் பொறுமையின் சிகரம் என்று எழுத வேண்டுமாம். அம்மாவின் தம்பியான எங்கள் மாமா அப்படித்தான் எழுதச் சொன்னார். எங்கள் அப்பா பொறுமையின் அடிவாரத்தைக்கூட மிதித்தவர் அல்லர். மட்டமான பொருளையும் மட்டமான பேச்சையும் கண்டால் அவருக்கு முகம் சுளித்துவிடும். அந்தச் சுளிப்புதான் எனக்குக் கிடைத்த சொத்து. ஆகையால் உள்ளதை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது, வளர்ந்தது, கண்மூடியது எல்லாம் மர்பி டவுனில்தான். இளம் வயதிலேயே தந்தையை இழந்து, லாரி கழுவி, கிளீனராகி, பிறகு ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். குடி இல்லை, சீட்டு இல்லை. வாய் மட்டும் உண்டு.

நான் கால்பந்து ஆடினேன். மெடல்கள் வர வர, நம் சொந்தங்களுக்கு வயிறு எரிந்ததா, மானம் போனதா தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாம் "பொம்பளப் புள்ள அரை டவுசர் போட்டுக்கினு ஓடுது" என்று அம்மாவிடம் ஓதிவிட்டுப் போனார்கள். அம்மா பயந்து, மெடல்களைப் பையில் கட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டார். அப்பா ஒருநாள் அதைக் கண்டுபிடித்தார்.

"இன்னாத்துக்கு ஒளிச்சு வெச்சிருக்க? திருடுன பொருளா?"

மறுநாளே ஷோகேஸ் வாங்கக் கடைக்குப் போனோம். அப்பா ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். "இது பலகையாப்பா, அட்டையா? ஒரு மழைக்கு ஊதிக்கும்" என்று கடைக்காரரிடமே சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அப்போது அல்சூர் பக்கம் ஒரு பழைய பங்களாவை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு தேக்குக் கதவை அப்பா ஆட்டோவில் கட்டி எடுத்து வந்தார். குஜரிக் கடையில், அதாவது காயலான் கடையில், ஒரு கட்டிலின் நான்கு கால்களைப் பொறுக்கினார். மூடிவிட்ட பேக்கரி ஒன்றின் கண்ணாடியும் கிடைத்தது. கதவைப் படுக்கவைத்துக் கால் பூட்டினார். கதவில் பள்ளமாக இருந்த கட்டங்களில் மெடல்களை அடுக்கி, மேலே கண்ணாடியைப் போட்டார். அப்பாவுக்குத் தச்சு வேலை சுத்தமாக வராது. ஒரு கால் குட்டை. அதற்கடியில் சைக்கிள் டயர்த் துண்டு. சாவித் துவாரம் அப்படியே இருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த 'எக் பப்ஸ்' என்ற எழுத்தை எவ்வளவு சுரண்டியும் எடுக்க முடியவில்லை. ஆனாலும் வாசலில் நுழைந்தவுடன் கண்ணில் படும்படி அதை நடு ஹாலில் போட்டார்.

மல்லேஸ்வரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாமா தாமே வீட்டுக்குப் பெரியவர்போல முந்திக்கொண்டு, மேசைமேல் பெட்ஷீட்டை விரித்து அதன்மேல் தாம்பூலத் தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டார். "இன்னைக்கு ஒரு நாள் சும்னே, வாயத் தொறக்காம இருங்க மாமா" என்று அப்பாவிடம் கெஞ்சினார். அப்பாவும் அம்மாவின் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டார்.

"பொண்ணு என்ன பண்றாங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"வீட்லதான் இருக்குது. டைலரிங் கத்துக்குது" என்றார் மாமா. நான் ஊசியில் நூல் கோத்ததே கிடையாது.

அப்பா எழுந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். பெட்ஷீட்டை உருவினார். "இதுதாம்மா பண்ணுது. நல்லா பாருங்க."

அந்த அம்மாள் மெடலைப் பார்க்கவில்லை. சாவித் துவாரத்தைப் பார்த்துவிட்டார். "அய்யோ, இது கதவாச்சே! யார் வூட்டுக் கதவு?"

"இடிச்ச வூட்டோடது" என்றார் அப்பா, பொய் சொல்லத் தெரியாமல்.

இடிந்த வீட்டுக் கதவின் மேல் தாம்பூலம்! அவர்கள் காபியைக்கூடக் குடிக்கவில்லை. தட்டை வைத்தவர் மாமா. பழி முழுவதும் அப்பாவுக்கு. மகளின் வாழ்க்கையைக் குப்பை மேசையால் கெடுத்தவர் என்று ஆஸ்டின் டவுன் வரைக்கும் பேச்சு போயிற்று. என்னை ஒளித்துவைத்துத் தள்ளிவிடப் பார்த்தவர்களுக்குத் தாங்கள் செய்தது கேடாகத் தெரியவில்லை. அப்படிப் பேசிய வாய்களை நான் இன்றும் மதிப்பதில்லை. அப்பாவோ, "ஒளிச்சு வெச்சுக் குடுக்கறதுக்கு எம் பொண்ணு இன்னா டேமேஜ் பீஸா?" என்று ஒரே ஒரு முறை கேட்டதோடு சரி.

பிறகு என் கணவர் பெண் பார்க்க வந்தார். 'எக் பப்ஸ்' என்று வாய்விட்டுப் படித்துச் சிரித்தார். பிறகு எந்த மெடல் எந்த ஆட்டத்தில் வந்தது என்று கேட்டார். அப்பா முதல் முறையாக ஒரு விருந்தாளிக்கு இரண்டாவது காபி தரச் சொன்னார்.

கடைசி நாட்களில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் இருந்தபோதும், படுக்கைக்குப் பக்கத்திலிருந்த அலமாரியைத் தட்டி, "அட்டை" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. அவர் திட்டு இல்லாத வீடு எனக்கு வீடாகவே இல்லை.

கடைசியில் அப்பாவை வீட்டுக்கே கொண்டுவந்தபோது ஆக்சிஜன் சிலிண்டர் தூக்கிய எதிர்வீட்டு அண்ணனுக்கும், இரவெல்லாம் அம்மாவோடு இருந்த என் அணித் தோழிகளுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

அப்பாவின் படத்தைச் சுவரில் மாட்டவில்லை என்று மாமா உட்படப் பலருக்கு வருத்தம். படத்தைப் படுக்கவைப்பது ஆகாதாம். அதை மேசைக்குள், என் மெடல்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு எல்லோரும் அவசியம் வாருங்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் குனிந்துதான் ஆக வேண்டும்.