என் தங்கை புருஷன் ஒட்டிய அட்டை

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். ஆனாலும் பழுதான டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து, புதுக் கம்பி சுற்றி, உயிர் கொடுத்து அனுப்பும் பட்டறை ஒன்றை ஒற்றை ஆளாக எழுப்பினேன். கூரைத் தகரம் முதல் கக்கூஸ் கதவு வரை என் கை படாத இடம் அங்கே இல்லை. இது என் தங்கை புருஷனைப் பற்றியது. நடுநடுவே நானும் வருவேன், தவிர்க்க முடியாது.

அவர் அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தவர். 'பசை' என்பதே பெயராகிவிட்டது. முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே புளித்த பால் வாடை அடித்தது.

"இந்த நாத்தத்தையா கட்டிக்கப் போற?" என்று தங்கையிடம் கேட்டேன்.

"உன் மேல எண்ணெய் நாத்தம். அதுக்காக அண்ணி ஓடியா போய்ட்டாங்க?" என்றாள். கட்டிக்கொண்டாள்.

அந்தக் கம்பெனி மூடியதும் என் பட்டறைக்கு வந்தார். பாலிலிருந்து எடுக்கும் கேசின் பொடியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கரைத்துப் பசையாக்குவார். தடித்த காகிதத்தில் நாற்பது தாளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அழுத்தி, சூட்டறையில் உலர்த்துவார். டிரான்ஸ்ஃபார்மருக்குள் மின்கம்பிக்கும் இரும்புத் தொட்டிக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிற்கும் கட்டை அந்த அட்டையில்தான் வெட்டுவோம். மின்சாரம் அதைக் கடந்துவிடக் கூடாது. உலர்ந்ததா என்று பார்க்க, அட்டையைக் கன்னத்தில் ஒட்டிக் கண்ணை மூடுவார். பல்வலிக்காரன் தோற்றான். பேச்சு சொற்பம், பேசினால் குத்தும். இப்படியே பதினெட்டு வருஷம்.

ஒருநாள் ஆலை ஒன்றின் டிரான்ஸ்ஃபார்மரைச் சோதிக்க அவர்களுடைய என்ஜினீயர் வந்தார். மின்கசிவைக் காட்டும் மெகர் கருவியை மாட்டிச் சுழற்றினார். முள் படுத்துவிட்டது; எங்கோ மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில் முட்டுக்கட்டைகள்தான் திருடர்கள் என்று தெரிந்தது.

"பசை சரியில்ல ஐயா. பாலைக் காய்ச்சி ஒட்டுறதெல்லாம் எந்தக் காலம்? இவர அனுப்பிட்டுக் கம்பெனி அட்டை வாங்குங்க. இல்லேன்னா எங்க வேலை இனி இங்க வராது."

ஐம்பத்திரண்டு வயசுப் பசை காய்ச்சியை வேறு எவன் வேலைக்கு எடுப்பான்? அந்த ஆலை போனால் எனக்கும் பாதி வேலை போச்சு.

"என்ன மாப்ள செய்யட்டும்?" என்றேன்.

"அதே அட்டையில பகடை மாதிரி, எல்லாப் பக்கமும் சமமா ஒரு துண்டு வெட்டுறேன், இருங்க மச்சான்."

வெட்டினார். இரண்டு செப்புத் தகட்டுக்கு நடுவே, தாள்கள் படுத்த வாக்கில் வைத்தார். முள் உச்சிக்குப் போனது. அதே துண்டைப் புரட்டி, தாள்கள் நிமிர்ந்து நிற்கிற மாதிரி வைத்தார். முள் சரிந்தது. என்ஜினீயர் நம்பாமல் தன் கையாலேயே இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். மாற்றமில்லை.

"பசையும் அதேதான், காகிதமும் அதேதான் சார். படுத்திருந்தா மின்சாரம் நாப்பது தாளையும் ஏறிக் குதிக்கணும். நிமிர்ந்து நின்னா பசைக் கோடெல்லாம் அதுக்குச் சந்து. மிச்சமிருக்கிற ஈரம் அந்தச் சந்துலதான் உக்காந்திருக்கும். நேரா நடந்து போயிடும்."

என்ஜினீயர் கழற்றிய கட்டையை எடுத்துப் பார்த்தார். தாள்கள் நிமிர்ந்து நின்றன.

"இத வெட்டினது யாரு?"

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிச்சத் துண்டு வீணாகக் கூடாதென்று குறுக்கே புரட்டி வெட்டியவன் நான். அட்டை எப்படி நின்றாலும் அட்டைதானே என்று நினைத்தேன். இதைவிடச் சின்னத் தப்புக்கு ஏழு பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன்.

"நான்தான்" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"அப்ப அனுப்ப வேண்டியது உங்களத்தானா ஐயா?"

"வேணாம் சார்" என்றார் மாப்பிள்ளை. "இவர அனுப்பினா என் பொண்டாட்டி எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவா."

புதுக் கட்டைகள் தேறின. ஆலை வேலை கைவிட்டுப் போகவில்லை, மாப்பிள்ளையும் போகவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: "இனிமே ரம்பத்தத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேளுங்க மச்சான்."

என் பட்டறை, என் ரம்பம். மறுநாள் காலை அதன் முன்னால் நின்று, "மாப்ள, வெட்டட்டுமா?" என்று கேட்டேன்.

"திருப்பி வைங்க" என்றார்.

திருப்பி வைத்தேன்.