பிச்சாண்டவருக்கு வீசிய முசுக்கட்டை

எங்கள் கொல்லையில் நிற்கும் முசுக்கட்டை மரம் இவ்வாண்டும் ஆனி பிறக்கும் முன்பே பழுத்துவிட்டது. மல்பெரி என்றால்தான் இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளங்குகிறது. ஈரமண்ணில் ஒரு குச்சியைச் செருகினாலே வேர்பிடித்துவிடும் எளிய செடி. என் அம்மா திருமணமாகிப் போலகத்திலிருந்து காரைக்கால் வந்தபோது, பிறந்த வீட்டு மரத்தின் குச்சியொன்றை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து நட்டாராம். உப்புக் காற்றுக்கும் அஞ்சாமல் அது வளர்ந்தது.

எனக்கு ஏழெட்டு வயதானபோது அம்மரத்துக்கு ஆபத்து வந்தது, பெரியப்பா வடிவில். அவர் திருமுறைகளை மனப்பாடமாக அறிந்தவர், ஆசாரம் தவறாதவர். அவருடைய பூசை வேட்டி காயும் கொடிக்கு மேலே மரம் கிளை விரித்திருந்தது. பழம் தின்ற மைனாக்கள் வேட்டியில் ஊதா நிறத்தில் எச்சமிட்டன. தம்பி மனைவியிடம் நேரே பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அம்மா அருகிலேயே நின்றாலும் பேச்சு என் வழியாகத்தான் நடக்கும்.

“பாப்பா, பட்டுப்பூச்சி திங்கிற செடி நமக்கெதுக்குன்னு ஒங்க அம்மாவக் கேளு.”

“கொடிய அந்தப் பக்கம் மாத்திக் கட்டலாமேன்னு பெரியப்பாகிட்ட சொல்லும்மா.”

“கொடி எங்க அப்பா கட்டுன எடம்னு சொல்லு. திருவிழா முடிஞ்ச மறுநாள் மரம் வெட்ட ஆள் வருதுன்னும் சொல்லு.”

நான் வாயைத் திறக்கவே தேவை இருக்கவில்லை. அன்றைக்கு அம்மா தனக்கு எடுத்துவைத்த சோறு அப்படியே இருந்தது.

எனக்கு ஒரு வழி தோன்றியது. மாங்கனித் திருவிழாவில் பிச்சை ஏற்று வீதிவலம் வரும் பிச்சாண்டவருக்கு வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பது எங்கள் ஊர் நேர்த்திக்கடன். கீழே நிற்பவர்கள் அதைப் பிரசாதமாகப் பிடித்துக்கொள்வார்கள். மாம்பழத்தை ஏற்கும் பெருமான் முசுக்கட்டையையும் ஏற்றுக்கொண்டுவிட்டால், பிறகு பெரியப்பாவால் என்ன செய்ய முடியும்?

சுவாமி எங்கள் வாசலுக்கு வந்ததும், பாவாடை மடியில் மறைத்திருந்த பழங்களை மாடியிலிருந்து அள்ளி வீசினேன். நன்றாகக் கனிந்தவை, சுவாமிவரை செல்லவில்லை. பின்னால் பதிகம் பாடிவந்த பெரியப்பாவின் திருநீற்று மார்பிலும் புது வேட்டியிலும் சொத்தென்று விழுந்தன. பதிகம் பாதியில் நின்றது.

“ஐயையோ, ரத்தங்க! மாங்கா பட்டுடுச்சு, அவரப் புடிங்க!” என்று ஒருவர் கத்தினார்.

கீழே கிடந்ததைப் பொறுக்கிப் பார்த்த இன்னொருவர் சிரித்தார். “எந்த வீட்டு மாங்காங்க இம்புட்டுச் சிறுசு?”

பெரியப்பா அண்ணாந்து பார்த்தார். என்னை மட்டுமல்ல, என் பின்னால் வாயைப் பொத்தியபடி நின்ற அம்மாவையும். தோளில் ஒட்டியிருந்த ஒரு பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். விட்ட அடியிலிருந்து மீண்டும் பாடத் தொடங்கினார்.

வீடு திரும்பியதும் என்னை அழைத்தார்.

“சாமிக்கு எறச்ச பழம் பிரசாதம். பிரசாதம் காச்ச மரத்துல கோடாலி வைக்கக் கூடாதுன்னு சாஸ்திரம் இருக்கு. ஒங்க அம்மாகிட்ட சொல்லு, பாப்பா.”

“சரின்னு சொல்லும்மா. வேட்டியக் குடுத்தா ஊறப்போடுறேன்னும் சொல்லு” என்றது அடுக்களைக் குரல். அதில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள் பெரியப்பாவே கொடியை அவிழ்த்து வேலியோரமாகக் கட்டினார். சுவாமி என் கட்சி என்று நான் தெருப்பிள்ளைகளிடமெல்லாம் பெருமையடித்துத் திரிந்தேன்.

அதன்பின் திருமுறைகளோடும் புராணங்களோடும் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. ஆகமம் அறிந்த பெரியோரையும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அப்படியொரு சாஸ்திரம் எங்கும் இல்லை. இருந்திருந்தால் எங்கள் ஊரில் ஒரு மாமரத்தையும் வெட்டியிருக்க முடியாது. எனக்கே தெரிந்த இது, அத்தனையையும் மனப்பாடமாக வைத்திருந்த பெரியப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அன்று அவர் பணிந்தது சுவாமிக்குத்தான் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன்.